பாலம் நிறுத்தத்தில் பயணிகள் இல்லை

அந்தத் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்திருந்தவர்கள்: டீச்சர், கடைக்காரர் மகன், பூசாரி மகள், நான், பிறகு ஐந்தாம் வகுப்பில் மிச்சமிருந்த நீங்கள் எல்லோரும். வராதவர்கள்: பெரிய சார், அவருக்குப் பேரையூரில் கூட்டம், செங்கல் சூளையிலிருந்து வரும் அண்ணன் தம்பி, அவர்களுக்கு மழை பெய்தால்தான் பள்ளிக்கூடம், வெயில் அடித்தால் வேலை. எங்கள் அக்காவும் இல்லை. அவள் அந்த வகுப்பே கிடையாது, பேரையூர் ஹைஸ்கூலில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அன்றைக்கு யார் வரவில்லை என்று என்னைக் கேட்டால் முதலில் அவளைத்தான் சொல்வேன்.

இத்தனை வருடம் கழித்து இதை எதற்குக் கிளறுகிறான் என்று நினைப்பீர்கள். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இப்போது கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பட்டை வரைபடம் பாடம் வந்தது. பிள்ளைகள் அவரவர் தெருவில் ஆடு எத்தனை, மாடு எத்தனை, நாய் எத்தனை என்று எண்ணி வந்து கட்டம் கட்டமாக வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் பென்சிலைக் கடித்தபடி எழுந்து வந்தாள்.

"சார், எங்க தெருவுல மாடு ஒண்ணுமே இல்ல. ஜீரோவுக்கு எப்பிடி சார் பட்டை போடுறது?"

எனக்கு நாக்கில் மைதாப் பசை ருசித்தது.

நம் டீச்சரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிம்மக்கல்லிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவார். பஸ் வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளங்கையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம், அதை மோந்துகொண்டே இறங்குவார். முதல் பாடவேளை முடிகிறவரை அந்தப் பழம் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவருக்கு. ஆண்பிள்ளை பெண்பிள்ளை வித்தியாசமில்லாமல் எல்லோரையும் "என்னங்கடா" என்றுதான் கூப்பிடுவார்.

"புத்தகத்துல யாரோ ஒருத்தர் ஆப்பிள் வித்துக்கிட்டு இருக்காருடா. நம்ம ஊர்ல ஆப்பிள் மரத்தை யாரு பாத்தா? நாம பாக்குறதை நாம எண்ணுவோம். சொல்லுங்க, தினமும் என்ன பாக்குறீங்க?"

ஆடு என்றது ஒரு குரல். கருவேலம் முள் என்றது இன்னொன்று. கடைக்காரர் மகன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "காலையில நீங்க பஸ்ஸவிட்டு எறங்கி மரத்தடியில குத்தவைக்கிறது, டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

"சரிடா. அந்தப் பாழாப்போன பஸ்ஸையே எண்ணுவோம். எந்த ஸ்டாப்புல எத்தனை பேரு ஏறுறாங்க. ஸ்டாப்பெல்லாம் சொல்லுங்க பாப்போம்."

மந்தை, கோயில் விலக்கு, சூளை என்று வரிசையாகக் குரல்கள் வந்தன. "பாலம், டீச்சர்!" என்று கத்தியது நான்.

பாலத்தில் நிழற்குடை இருந்தது, அதனால்தான் கத்தினேன். எங்கள் காலனிக்கு எதிரே, ஓடைப் பாலத்தை ஒட்டி, ஒரு தேர்தலுக்கு முந்தி கட்டியது. சிமெண்டு பெஞ்சு, மஞ்சள் வண்ணம், நெற்றியில் பெரிய எழுத்தில் கட்டிக்கொடுத்தவர் பெயர். மத்தியானம் சீட்டாடுவார்கள், மழைக்கு ஆடுகள் ஒதுங்கும். எல்லாம் இருந்தது, பஸ் மட்டும் அங்கே நின்றதில்லை. டீச்சர் மந்தையில் இறங்குகிறவர், ஊர்ப் பொட்டலான அந்த மந்தையில்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் ரோடு எங்கே போகிறது, பஸ் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று அவருக்குத் தெரியாது.

"நிழற்குடை இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப ஸ்டாப்புதான்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டார். நம்மில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் கட்டியதை, டீச்சர் எழுதியதை, நாம் எங்கே மறுப்பது?

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் வழி தெரியாமல் நிற்பார். அவர்களுக்காக ரெண்டு வரி. காலையில் டீச்சரை மந்தையில் இறக்கிவிட்டுச் சூளைவரை போன பஸ், அங்கிருந்து திரும்பி வரும். முதலில் எங்கள் பாலம், பிறகு ஊரின் நடுத்தெரு, பிறகு மந்தை, கோயில் விலக்கு, அப்புறம் பேரையூர். சாயங்காலம் இதே வழியில் திரும்பும். பாலத்துக்கும் மந்தைக்கும் நடுவே தார்ரோடு நேராக நடுத்தெரு வழியாகப் போகிறது. அந்த ரோட்டில் பஸ் வரும், நாங்கள் வர மாட்டோம். காலனி ஆட்கள் மந்தைக்குப் போவதென்றால் ஓடைக்கரையில் இறங்கி, கருவேலங்காட்டைச் சுற்றி, தோட்டத்து வரப்பில் ஏறிப் போவார்கள். இரட்டைத் தூரம். நடுத்தெருவில் நடக்கக் கூடாதென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் நடந்து பார்த்ததும் இல்லை.

அக்காவும் அப்படித்தான். காலையில் வெளிச்சம், கூட நாலு பேர் இருப்பார்கள். சாயங்காலம்தான் கஷ்டம். பஸ் மந்தையில் இறக்கிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, நடுத்தெரு வழியாக ஓடி, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிச் சூளைக்குப் போய்விடும். அக்கா கரையைச் சுற்றி, இருட்டில், அதற்கப்புறம் வந்து சேருவாள். கரையில் குடிக்க உட்கார்கிறவர்கள் பாட்டிலை உடைத்துப் போட்டிருப்பார்கள். ஒருநாள் செருப்பைத் துளைத்துக்கொண்டு கண்ணாடி ஏறி, நொண்டிக்கொண்டே வந்தாள். அப்பா மதுரையில் சென்ட்ரிங் வேலை; சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர். அந்த வாரம் வந்து அவள் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் காலனி ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, பாலத்தில் பஸ் நிற்க வேண்டும் என்று பஸ் டெப்போவில் மனுக் கொடுத்துவிட்டு வந்தார்.

இது டீச்சருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்த மனுவுக்கும் எங்கள் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டென்று பத்து வயதில் எனக்கு எப்படித் தோன்றும்?

வாரம் முழுக்க எண்ணினோம். மந்தையில் கடைக்காரர் மகன், கோயில் விலக்கில் பூசாரி மகள், பாலத்தில் நான். நிழற்குடை பெஞ்சில் ஆட்டுப் புழுக்கையைத் தள்ளிவிட்டு உட்காருவேன். ஒருவர் ஏறினால் ஒரு கோடு, நாலு கோடு ஆனால் குறுக்கே ஒரு கோடு என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். பென்சிலைச் சீவிச் சீவி வைத்துக்கொள்வேன். பஸ் சூளைத் திருப்பத்தில் ஹாரன் அடித்து வரும், என் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போகும். கண்டக்டர் படியில் நின்று எனக்கு டாட்டா காட்டுவார். நானும் காட்டுவேன். தாளில் கோடு விழாது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, வெறுந்தாளக் கொண்டுபோயா குடுப்ப? நாலு கோடு போடு. யாரு வந்து பாக்கப் போறா?"

"பாத்ததத்தான் எழுதணும்னு டீச்சர் சொல்லிருக்காக."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன் வீட்டு வாரிசு."

பட்டைகளைத் தாளில் வரையவில்லை, ஞாபகமிருக்கிறதா? எங்கள் அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவாள். கோணல், பிசிறு என்று ஏஜெண்ட் திருப்பிப் போட்ட காலிப் பெட்டிகள் மூட்டையாகக் கிடக்கும். நான் சொன்னதும் டீச்சருக்குச் சந்தோஷம். "ஒரு ஆளுக்கு ஒரு தீப்பெட்டிடா!" என்றார். அம்மா மூட்டையைக் கட்டி என் தலையில் வைத்தாள். கூடவே ஒரு சட்டி மைதாப் பசை, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்தது. அதை நக்கக் கூடாதென்று சொல்லியனுப்பியும் நக்கிப் பார்த்துவிட்டேன்.

ஆக, அந்தத் திங்கட்கிழமை. பழைய ஆண்டுவிழாவின் தெர்மாகோல் பலகையைச் சுவரில் சாய்த்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கு மேலும் பெட்டிகளை ஒட்டிக்கொண்டு போனோம். மந்தையின் பட்டை கழுத்தளவு ஏறிவிட்டது. கிளி படம், தாமரை படம், ரயில் படம் என்று பெட்டி லேபிள்கள் அடுக்கடுக்காக. வகுப்பு முழுக்க எங்கள் வீட்டுப் பெட்டி. எங்கள் பாலத்துக்கு மேலே மட்டும் வெறும் வெள்ளைத் தெர்மாகோல்.

"மாப்ள, ஒன் பட்டை எங்கடா? காத்தடிச்சுக் கொண்டுபோயிருச்சா?" என்றான் கடைக்காரர் மகன். அவன் என்னை மாப்ள என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும். அவன் அப்பா கடையில் நான் சீனி வாங்கப் போனால் "ஏய், என்ன வேணும்?" என்பான். அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

டீச்சர் அவனை அதட்டினார். "சிரிக்காதடா. ஜீரோவும் ஒரு தகவல்தான். இவன் வாரம் பூரா நின்னு, ஒரு பொய்க்கோடு போடாம வந்துருக்கான். கை தட்டுங்க." நீங்கள் தட்டினீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பரம்பரையில் படிப்புக்காகக் கைதட்டு வாங்கிய முதல் ஆள் நான்தான்.

பிறகு அவர் கேட்டார். "இதுலேர்ந்து என்ன தெரியுது?"

"மந்தையிலதான் கூட்டம்."

"பாலத்துல?"

"பாலத்துல பேய் இருக்கு டீச்சர்" என்றாள் பூசாரி மகள்.

"அங்கன உள்ளவுக நடந்தே போயிருவாக."

"அவுகளுக்குப் பஸ்ஸு புடிக்காது, ஒங்கள மாதிரியே" என்று கடைக்காரர் மகன் சொல்ல, மறுபடி சிரிப்பு.

டீச்சர் யோசித்துவிட்டு, ஸ்கெட்ச் பேனாவால் அடியில் அழகான எழுத்தில் எழுதினார்: 'பாலம் நிறுத்தத்தில் பயணிகள் இல்லை.' பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. நானே வாய்விட்டு மூன்று தடவை வாசித்தேன்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, மனுவை விசாரிக்க டெப்போவிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். பஞ்சாயத்து ஆபீசும் பள்ளிக்கூடமும் ஒரே காம்பவுண்டு. தலைவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்காமல், "எங்க பிள்ளைக ஒங்க பஸ்ஸ வச்சு ஒரு படம் பண்ணிருக்குக சார், வந்து பாருங்க" என்று நம் வகுப்புக்குக் கூட்டி வந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஊருக்கு வருகிறவருக்குக் காட்ட நம் ஊரில் வேறு என்னதான் இருந்தது?

ஆபீசர் பலகை முன்னால் நின்றார். அடியில் இருந்த வரியை வாசித்தார்.

"பாலத்துல ஒருத்தரும் ஏறலையா? இதை எண்ணுனது யாரு?"

நான் எழுந்து நின்றேன். "நான்தான் சார்."

"எத்தனை நாளு?"

"வாரம் பூரா சார்."

"சரியா எண்ணுனியா?"

"ஒரு ஆளு கூட விடல சார்."

என் தலையைத் தட்டிக்கொடுத்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். டீச்சருக்கும் பெருமை, தலைவருக்கும் பெருமை. எனக்கு அன்று மத்தியானம் சத்துணவு முட்டை கூட இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

காலாண்டு லீவு முடிகிற சமயம் பதில் வந்தது. போஸ்ட்மேனே வாசித்துக் காட்டினார். விசாரித்ததில் பாலம் நிறுத்தத்தில் பயணிகள் பயன்பாடு இல்லை என்று தெரியவருவதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. கூடவே, உள்ளூர்ப் பள்ளி மாணவர்களின் கணக்கெடுப்பும் அதை உறுதி செய்கிறது என்று ஒரு வரி.

அப்பா என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆத்தா, வாரத்துல ஆறு நாளு நான் அங்கன சாரத்துல நிக்கிறேன். பொழுது சாஞ்சா எனக்குக் கை நடுங்குது. இன்னேரம் பிள்ள கரையில வந்துக்கிட்டிருக்குமேன்னு. கீழ விழுந்து செத்தேன்னா ஒங்க மூணு பேருக்கும் யாரு? பஸ்ஸு நம்ம பாலத்துல நிக்கட்டும், அன்னைக்கு நானே கொண்டுபோய்ச் சேத்துவிடுறேன். இப்போதைக்கு வேணாம்."

அக்கா அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. பையிலிருந்த புத்தகங்களை எடுத்து அடுக்கிவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தீப்பெட்டி அட்டையை மடிக்கத் தொடங்கினாள். என்னைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னாள். "நாலு கோடு போடச் சொன்னேன்ல."

டீச்சருக்கு நான் சொல்லவில்லை. கடைக்காரர் மகன்தான் சொன்னான். கடைக்கு வராத சேதி எது? ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார், அவனையே வழிகாட்டக் கூட்டிக்கொண்டு. வேறு வழி இருப்பது தெரியாததால் நடுத்தெரு வழியாக, தார்ரோட்டில் நேராக, குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கு முன் ஒரு வாத்தியார் காலனிக்குள் வந்து நாங்கள் பார்த்ததில்லை. அம்மா பசைக் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

டீச்சர் தரையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்து, "தம்பி சரியாத்தான்மா எண்ணுனான்" என்றார்.

அக்கா மடித்துக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைக்கவில்லை. "சரியாத்தான் டீச்சர் எண்ணுனான். நிக்காத பஸ்ஸுல யாரு டீச்சர் ஏறுவா? நிக்கட்டும்னுதான கேக்குறோம்."

டீச்சர் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் வருகிற மயக்கம் அவருக்கு எங்கள் வீட்டுத் தரையில் வந்துவிட்டது போலிருந்தது. "நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். போகும்போது நிழற்குடையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுநாள் பலகையின் அடியில் இருந்த வரியை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தார்.

மறுபடி எண்ணலாம் என்றார். இந்த முறை மந்தையில் நின்று, ஏறுகிறவர்களிடம் "ஒங்க வீடு எங்க?" என்று கேட்க வேண்டும். இதில்தான் டீச்சருக்கு அடுத்த அடி விழுந்தது. நம் பக்கம் யாரிடமாவது அப்படிக் கேட்டால், கேட்பது வீட்டை அல்ல என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் நாலு பேர் நிற்கிற மந்தையில். எங்கள் சித்தப்பாவிடம் நானே கேட்டேன். என்னைத் தினமும் தோளில் தூக்கிப்போகிற மனுஷன், யாரென்றே தெரியாதவர் மாதிரி என் தலைக்கு மேலே பார்த்து, ஊர் பெயரைச் சொன்னார். "இந்த ஊருதான்டா, வேற எந்த ஊரு?" அம்மாவிடம் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். ரெண்டு நாள் கேட்டும் காலனி என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. மறுபடியும் எங்களுக்குப் பூஜ்யம்.

டீச்சர் சோர்ந்துவிட்டார். கடைக்காரர் மகன்தான், கோலிக்குண்டை உருட்டிக்கொண்டே, "கேட்டா யாரு டீச்சர் சொல்லுவா? கேக்காதீக. வாய் பொய் சொல்லும், காலு என்ன செய்யும்? சாயங்காலம் எறங்கி நடக்கத்தான செய்யணும்" என்றான்.

மந்தையில் இறங்கினால் பாதை ரெண்டாகப் பிரியும். ஊர்க்காரர்கள் ரோட்டில் போவார்கள். காலனிக்காரர்கள் கிணற்றடி வரப்பில் இறங்கி ஓடைக்கரைக்குப் போவார்கள். மாறிப் போக மாட்டார்கள், ஒருத்தர் கூட. எங்களை ஒதுக்கிவைத்த பாதையே எங்களை எண்ணிக் கொடுத்தது.

தை மாதப் பனி. அவனும் நானும் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துகொள்வோம். அவன் ரோட்டை எண்ணுவான், நான் வரப்பை எண்ணுவேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் "என்னங்கடா பண்ணுறீக இங்கன?" என்பார்கள். "கணக்கு" என்போம். மில் வேலைக்குப் போகிற அக்காக்கள், பேரையூர் சந்தையில் காய் விற்றுத் திரும்புகிறவர்கள், சாந்துச் சட்டியோடு வருகிறவர்கள். இருட்டில் முகம் தெரியாது, வரப்பில் இறங்கும்போது செருப்பைக் கையில் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பனியில் வரப்பு வழுக்கும். எனக்குக் கோடு போட்டு மாளவில்லை. எங்கள் தெருவில் இம்புட்டு ஜனமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஒருநாள் அம்மா தலையில் அட்டைக் கட்டோடு இறங்கிப் போனாள். அவன் பார்த்தான்.

"மாப்ள, ஒங்க அம்மா."

"ம்."

"ஏன்டா எல்லாரும் முள்ளுக்குள்ள சுத்திப் போறாக? ரோடுதான் நேரா கெடக்கே."

"இப்பிடித்தான் போவோம்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான், வரப்பைப் பார்த்தான். "கிறுக்கு ரோடா இருக்கு" என்றான். மறுநாள் காலையில் சீனி வாங்கப் போனபோது, அவன் அப்பா தராசுக்குப் பின்னால் நிற்க, "வா மாப்ள" என்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எவன்டா ஒனக்கு மாப்ள?" என்று கேட்டார். "கணக்குல" என்றான் அவன்.

புதுப் பலகைக்கு மேலே 'பஸ்ஸைவிட்டு இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறார்கள்' என்று டீச்சர் எழுதினார். எங்கள் பட்டை பலகையைத் தாண்டிவிட்டது. பழைய மர அடிஸ்கேல் ஒன்றைக் கட்டி உயரம் கூட்டினோம். அம்மாவின் மூட்டை காலியானது. கடைக்காரர் மகன் டவுசர் பை ரெண்டும் உப்பிப்போய் வந்து நின்றான். குச்சி நிறைந்த புதுப் பெட்டிகள்.

"அப்பாவுக்குத் தெரியுமாடா?" என்றார் டீச்சர்.

"தெரியாது டீச்சர். தெரிஞ்சா என்னையும் சேத்து ஒட்டிருவாரு."

ஒரு சனிக்கிழமை டீச்சர், அவன், நான் மூவரும் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு டெப்போவுக்குக் கிளம்பினோம். மந்தையில் பஸ் நின்றது. கண்டக்டர், எனக்கு டாட்டா காட்டியவரேதான், பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது, கோயில் சப்பரமா? லக்கேஜ் போடணும்."

"ஒங்க பஸ்ஸோட கணக்குதான் அண்ணே இது."

"எங்கப்பன் வீட்டுக் கணக்கா இருந்தாலும் லக்கேஜ் லக்கேஜ்தான் டீச்சர்." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, குனிந்து வாசித்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இம்புட்டுப் பேரா அங்கிட்டுப் போறாக? ஏறயில எல்லாரும் ஊர் பேரைச் சொல்லித்தான டிக்கெட் கேப்பாக. நான் அம்புட்டும் ஊர் ஆளுகன்னுல்ல நெனச்சேன்." பிறகு வழிநெடுக, யாரும் பலகையில் சாயாமல் அவரே கையை நீட்டித் தடுத்துக்கொண்டு வந்தார். டீச்சருக்கு மோந்துபார்க்கக் கை ஒழியாததால், எலுமிச்சம்பழத்தை நான் அவர் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஆபீசர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீதான ஒருத்தரும் ஏறலைன்ன? அன்னைக்கு பொய் சொன்னியா, இன்னைக்கு சொல்றியா?"

டீச்சர் முன்னால் வந்தார். "ரெண்டும் சரியா எண்ணுனதுதான் சார். அன்னைக்கு அடியில நான் எழுதுன வரிதான் தப்பு. ஸ்டாப்பே இல்லாத இடத்துல ஆளைத் தேடச் சொன்னது நான்." அவர் குரல் எனக்கு இன்றும் கேட்கிறது. ஆபீசர் பட்டையை உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். "வச்சுட்டுப் போங்க, பாப்போம்" என்றார். வாசலில் பலகையைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வாட்ச்மேன் எங்கள் பட்டையின் உச்சியிலிருந்து ஒரு பெட்டியைப் பிய்த்து, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"போச்சு மாப்ள, ஒங்க தெருவுல ஒரு ஆளு கொறஞ்சுபோச்சு" என்றான் கடைக்காரர் மகன்.

அந்தப் பலகையை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. பாப்போம் என்றவர் பார்ப்பதற்கு மாசி போனது, பங்குனி போனது, முழுப்பரீட்சையும் போனது. அக்கா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதாவதுக்குப் போனார்கள். அப்பா மேல் அப்போது எனக்குக் கோபம். இன்று அந்தச் சாரத்தில் நின்ற கையை நினைத்துப் பார்க்கிறேன், கோபம் வரவில்லை.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த அன்று, பாலத்தில் பஸ் நின்றது. நான் ஆறாவதுக்கு, அக்கா மறுபடி எட்டாவதுக்கு. அப்பா சொன்ன சொல் மாறாமல் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அவள் பையை அவரே தூக்கிக்கொண்டு நின்றார். நிழற்குடையிலிருந்து ஆடுகளை விரட்டியிருந்தார்கள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டு, "வாங்க, வாங்க, பாலத்து ஆளுக ஏறுங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். ஒரு நொடி யாரும் நகரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி எங்களை அதற்கு முன் யாரும் கூப்பிட்டதில்லை. பிறகு அக்கா ஏறினாள். பஸ் நடுத்தெரு வழியாகப் போனது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தத் தெருவை முதல் தடவை பார்க்கிறவள் போல, ரெண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறாள். சமயநல்லூர்ச் சிறுமி கேட்டதைப் போனில் சொன்னேன். சிரித்தாள். "எட்டாவதுல எனக்கு ரெண்டு செட்டு சிநேகிதிக இருக்காளுகடா. ஒனக்கு ஒரு செட்டுதான" என்றாள். அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்ன?" என்று கேட்டாள். பட்டை போட வேண்டாம், இடத்தை விட்டுவை, பக்கத்தில் ஏன் மாடு இல்லை என்று விசாரித்து எழுதிக்கொண்டு வா என்று சொன்னதாகச் சொன்னேன். "சரியாத்தான் சொல்லிருக்க" என்றாள்.

கணக்கு வாத்தியார், மொத்தம் போடாமல் முடிக்கக் கூடாது. பெட்டிகள் அம்மா ஒட்டியது, கடைசிக் கொஞ்சம் கடைக்காரருக்குத் தெரியாமல் அவர் கடை தந்தது. பசையும் எங்கள் வீட்டுச் சட்டியிலிருந்துதான். லக்கேஜ் நாலு ரூபாய், டீச்சர் கைக்காசு. அக்காவுக்கு ஒரு வருடம்.